தண்டல் இல்லாமல் நடக்கும் வேலை: பாக்டீரியா தன் டி.என்.ஏ-வைப் பழுதுபார்ப்பது எப்படி?

சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "சார், எங்கள் தாமான் கடை வாசலில் இருக்கும் தண்ணி மெசினில் புற ஊதா விளக்கு எரிகிறது. அது கிருமியின் டி.என்.ஏ-வைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். ஆனால் பாக்டீரியா தன் டி.என்.ஏ-வைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் என்று பாடத்தில் இருக்கிறது. நிறைய புரதங்கள் சேர்ந்து அதைச் செய்யுமாம். மூளையே இல்லாத உயிர் அது. எந்தப் புரதம் முதலில் வரவேண்டும், எது அடுத்து வரவேண்டும் என்று அவற்றுக்கு யார் சொல்வது? அப்புறம், அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?"

கூடவே ஒரு படமும் வரைந்து அனுப்பியிருந்தார். அதில் எல்லாப் புரதங்களும் ஒட்டிக்கொண்டு ஒரே பெரிய உருண்டையாக டி.என்.ஏ மேல் உட்கார்ந்திருந்தன. பல பாடநூல்களில் படம் அப்படித்தான் இருக்கிறது, அதனால் தம்பியைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

யார் சொல்வது என்றால், யாரும் சொல்வதில்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டில் தண்டல் பெயர் வாசித்து, நீ இந்த நிரைக்குப் போ, நீ அந்த நிரைக்குப் போ என்று ஆளைப் பிரித்து அனுப்புவார். கிருமிக்குள் பிரட்டும் கிடையாது, தண்டலும் கிடையாது. ஒவ்வொரு புரதத்துக்கும் அடையாளம் தெரிவது ஏதோ ஓர் உருவம் மட்டுமே. முதல் புரதம் வேலை செய்த இடத்தில் டி.என்.ஏ-வின் உருவம் மாறிவிடுகிறது. மாறிய அந்த உருவம்தான் இரண்டாவது புரதத்துக்குத் தெரிந்த உருவம். அது வந்து செய்கிற மாற்றம் மூன்றாவதை இழுக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர்தான். உள்ளே மிதக்கும் ஒரு புரதம் முட்டி மோதிக்கொண்டே ஒரு நொடிக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். யாரும் கூப்பிடத் தேவையில்லை. வந்து மோதும்போது உருவம் பொருந்தினால் ஒட்டும், பொருந்தாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும்.

இனி விளக்குக்கு வருவோம். தண்ணி மெசினில் இருக்கும் பாதரச விளக்கு பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி தரும். டி.என்.ஏ மிக அதிகமாக உறிஞ்சுவது 260 நானோமீட்டரை ஒட்டி. அதனால் ஒளி நேராக டி.என்.ஏ-வில் போய் இறங்குகிறது. டி.என்.ஏ-வின் எழுத்துகள் என்று சொல்லத்தக்க நான்கு காரங்களில் ஒன்று தைமின். ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இதைத் தைமின் இருபடி என்கிறோம். அந்த இடத்தில் இழை கோணலாகிவிடுகிறது. படியெடுத்துக்கொண்டு வரும் பாலிமரேஸ் என்ற நொதி அங்கே வந்ததும் நின்றுவிடும். படியெடுக்க முடியாத கிருமி பெருகாது, பெருகாத கிருமி நோய் தராது. விளக்கு கிருமியைச் சுட்டு எரிப்பதில்லை என்பதை நினைவில் வை. பெருகவிடாமல் முடக்குகிறது, அவ்வளவுதான். முடங்கிய கிருமி பழுதுபார்த்துக்கொண்டால் எழுந்துவிடும்.

எழுவதற்கு அதனிடம் இருக்கும் மிக எளிய வழி ஃபோட்டோலையேஸ் என்ற ஒற்றைப் புரதம். அது எதையும் வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை. இருபடியைத் தேடிப் பிடித்து, அதை இழையிலிருந்து வெளியே திருப்பித் தன் குழிக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீல ஒளியின் ஒரு ஃபோட்டான் வந்து விழுந்தால் போதும். ஓர் எலெக்ட்ரானை இருபடிக்குக் கொடுக்கும், பிணைப்பு உடையும், தைமின்கள் பழைய நிலைக்கு வரும், எலெக்ட்ரான் திரும்பிவிடும். 1949-ல் ஆல்பர்ட் கெல்னர் இந்த ஒளி மீட்பைக் கண்டுபிடித்தார். நமக்கு, அதாவது மனிதருக்கு, இந்த நொதி கிடையாது.

தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. குடிநீருக்கு உலகில் பல இடங்களில் வைத்திருக்கும் அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல். அந்த அளவு கிடைத்தால் ஈ.கோலை போன்ற கிருமிகளில் ஏற்படும் சேதம் எந்தப் பழுதுபார்ப்புக்கும் அடங்காது. சிக்கல் குறைந்த அளவில்தான். விளக்கைச் சுற்றி ஒரு குவார்ட்ஸ் குழாய் இருக்கும். தண்ணீரில் சுண்ணாம்பும் இரும்பும் இருந்தால் அதன் மேல் மங்கலான படலம் படியும். விளக்கும் ஓராண்டுக்குப் பக்கமாக ஓடியபின் வலு குறைந்துவிடும், ஆனால் கண்ணுக்கு நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும். அப்படிப்பட்ட மெசினிலிருந்து பிடித்த தண்ணீரை வெளிச்சத்தில் வைத்தால், முடங்கிய கிருமிகளில் ஒரு பகுதி ஃபோட்டோலையேஸ் தயவில் எழுந்துவிடலாம். மெசினின் பராமரிப்புத் தேதியைப் பார்த்துவிட்டுக் குடி. சந்தேகமாக இருந்தால் கொதிக்கவை. கொதிக்கும் வெப்பத்தில் பழுதுபார்க்கும் புரதங்களே உருக்குலைந்துவிடும், அதற்கப்புறம் மீட்பு என்ற பேச்சே இல்லை.

சரி, வெளிச்சம் இல்லாத இடத்தில்? அங்கேதான் கூட்டுவேலை தொடங்குகிறது. யுவிஆர்-ஏ, யுவிஆர்-பி, யுவிஆர்-சி, யுவிஆர்-டி என்று நான்கு புரதங்கள், கூடவே இடைவெளியை நிரப்பும் பாலிமரேஸ்-1, முனைகளை ஒட்டும் லைகேஸ். இவற்றின் பெயரை மனப்பாடம் செய்வது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும் விதம்.

யுவிஆர்-ஏ இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ-வைத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். அது தைமின் இருபடியைத் தேடுவதில்லை. இழை எங்கே இயல்புக்கு மாறாகக் கோணுகிறது என்றுதான் பார்க்கிறது. அதனால்தான் புற ஊதா ஒளியால் வந்த கோணலையும், வேறு இரசாயனம் ஒட்டியதால் வந்த கோணலையும் ஒரே குழு பார்த்துக்கொள்கிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. டி.என்.ஏ கெடாமலே சில இடங்களில் இயல்பாக வளைந்திருக்கும். அங்கெல்லாம் வெட்டினால் கிருமி செத்துவிடும். ஆகவே யுவிஆர்-ஏ தானே முடிவெடுப்பதில்லை, யுவிஆர்-பி-யிடம் ஒப்படைக்கிறது. யுவிஆர்-பி-யில் கொண்டை ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதை இரண்டு இழைகளுக்கும் நடுவே செருகி, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி-யைச் செலவழித்து, உண்மையிலேயே சேதம் இருக்கிறதா, இருந்தால் எந்த இழையில் என்று சோதிக்கிறது. இருந்தால் பூட்டுப் போட்டதுபோல இறுகி உட்காரும். யுவிஆர்-ஏ விலகிப் போய்விடும்.

ஏ விலகியபின்தான் சி வருகிறது. இறுகி உட்கார்ந்திருக்கும் பி-தான் சி-க்குத் தெரிந்த உருவம், வெறும் டி.என்.ஏ-வில் அதற்கு வேலையில்லை. யுவிஆர்-சி-க்கு இரண்டு கத்திகள். ஒரு பாதியில் இருப்பது சேதத்தின் ஒரு பக்கம் நாலைந்து பிணைப்பு தள்ளி வெட்டும். மறு பாதியில் இருப்பது எதிர்ப்பக்கம் எட்டாவது பிணைப்பில் வெட்டும். நடுவில் 12 அல்லது 13 நியூக்ளியோடைடு, அதாவது அத்தனை எழுத்து, நீளத் துண்டு. இதைச் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் அஸீஸ் சன்ஜார், 2015-ல் வேதியியல் நோபல் பரிசை தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச் இருவருடனும் பகிர்ந்துகொண்டவர்.

வெட்டியதும் துண்டு தானாக விழுந்துவிடும் என்று நினைத்துவிடாதே. எதிர் இழையோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும். சி-யும் மேலேயே உட்கார்ந்திருக்கும். யுவிஆர்-டி என்ற ஹெலிகேஸ், அதாவது இழைகளைப் பிரிக்கும் நொதி, அந்தத் துண்டை உரித்தெடுக்கிறது, சி-யும் அதோடு கழன்றுவிடுகிறது. பி மட்டும் இன்னும் நகர்வதில்லை. பாலிமரேஸ்-1 வந்து இடைவெளியை நிரப்பிக்கொண்டே வரும்போதுதான் அது தள்ளிவிடப்படுகிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். நிரப்புகிற ஆள் வந்து சேரும்வரை திறந்த காயத்தை யாராவது பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பழுதுபார்க்கும் வேலையில் சேதத்தைவிட ஆபத்தானது பாதியில் நின்றுபோன வேலைதான். கடைசியில் லைகேஸ் இழையின் முனைகளை ஒட்டுகிறது.

ஃபோட்டோலையேஸைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. இருட்டில் அது சும்மா இருப்பதில்லை. இருபடியில் போய் உட்கார்ந்துகொண்டால், அது யுவிஆர் குழுவின் வேலைக்கு இடைஞ்சல் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் ஈ.கோலையில் நடப்பது தலைகீழ், அது அந்த வேலையை வேகப்படுத்துகிறது.

இன்னொரு வழியும் உண்டு. மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ எழுதிக்கொண்டு ஓடும் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் சேதத்தில் முட்டி நின்றுவிட்டால், அதுவே ஒரு தகவல். ஆனால் நின்ற பாலிமரேஸ் சேதத்தை மறைத்துக்கொண்டும் நிற்கிறது. எம்.எஃப்.டி என்ற புரதம் பின்னாலிருந்து வந்து அதைத் தள்ளிக் கழற்றிவிட்டு, யுவிஆர்-ஏ-வை அங்கே வரவழைக்கிறது. எப்படி வரவழைக்கிறது என்றால், எம்.எஃப்.டி-யின் ஒரு பகுதி யுவிஆர்-பி-யின் சாயலில் இருக்கிறது. யுவிஆர்-ஏ வழக்கமாகப் பிடிக்கும் கையைப் போன்ற இன்னொரு கை அது.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வந்த சேதம். அடுத்தது படியெடுக்கும்போது வரும் பிழை. ஈ.கோலையின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 4.6 மில்லியன் கார இணைகள். படியெடுக்கும் பாலிமரேஸ்-3 ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1,000 காரங்களைச் சேர்த்துக்கொண்டு ஓடுகிறது. தானே சரிபார்த்துக்கொண்டு ஓடியும், ஏறத்தாழ 10 மில்லியனுக்கு ஒன்று தப்பிவிடும், குவானைனுக்கு எதிரே சைட்டோசின் வரவேண்டிய இடத்தில் தைமின் உட்கார்ந்ததுபோல. இங்கே இருக்கும் தொல்லை வேறு மாதிரி. இரண்டு காரங்களும் நல்ல காரங்கள்தான், எதுவும் கெட்டுப்போகவில்லை. இரண்டில் எது பழையது, எது புதிதாக வந்த பிழை என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும். தவறான இழையைத் திருத்தினால் பிழை நிரந்தரமாகிவிடும்.

ஈ.கோலை இதற்குக் கையாளும் முறை அழகானது. டாம் என்ற நொதி, ஜி-ஏ-டி-சி என்று வரிசை வரும் இடங்களில் அடினைனில் ஒரு மெத்தில் குழுவை அடையாளமாகச் சேர்க்கிறது. படியெடுத்த சிறிது நேரத்துக்குப் புது இழையில் இந்த அடையாளம் இருக்காது. அந்த இடைவெளிக்குள் வேலை முடியவேண்டும். மட்-எஸ் என்ற புரதம் பிழையான இணையைக் கண்டால் டி.என்.ஏ-வை மடித்து, தன் ஃபினைல்அலனின் என்ற ஓர் அமினோ அமிலத்தை அந்த இணைக்குப் பக்கத்தில் நுழைத்துப் பார்க்கும். சரியான இணை இறுக்கமாக இருக்கும், இடம் விடாது. பிழையான இணை விட்டுக்கொடுக்கும். அதன்பின் ஏ.டி.பி-யைப் பிடித்ததும் மட்-எஸ் உருவம் மாறி, வளையமாகி டி.என்.ஏ மேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த உருவம்தான் மட்-எல்-க்குத் தெரியும். மட்-எல் வந்து சேர்ந்தால்தான் மட்-எச் விழிக்கும். மட்-எச் பக்கத்தில் உள்ள ஜி-ஏ-டி-சி-யில் மெத்தில் இல்லாத இழையை மட்டும் கீறும். கீறிய இடத்தில் யுவிஆர்-டி நுழைந்து பிழை இருக்கும் திசையில் இழையைப் பிரித்துக்கொண்டு போக, பின்னாலேயே நியூக்ளியேஸ் என்ற, டி.என்.ஏ-வை அரிக்கும் நொதி ஒன்று அதைத் தின்றுகொண்டு போகும். கீறல் பிழைக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ற நியூக்ளியேஸ் வரும். ஒரு காரத்தைத் திருத்த சில நேரம் 1,000 காரங்களைக் களைந்து மறுபடி எழுதவேண்டியிருக்கும். ஆனாலும் பிழை நூறு மடங்குக்கு மேல் குறைகிறது.

யுவிஆர்-டி இரண்டு குழுக்களிலும் இருப்பதைக் கவனித்தாயா? அது எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லை. கீறல் இருக்கிறது, பிரிக்க ஆள் தேவை என்ற உருவம் எங்கே தெரிந்தாலும் போகும். மோட்ரிச்சின் குழு 1989-ல் பிழைதிருத்தும் இந்தப் புரதங்களைத் தனித்தனியே தூய்மைப்படுத்தி, சோதனைக் குழாயில் சேர்த்து, முழுத் திருத்தத்தையும் நடத்திக் காட்டியது. உயிரே இல்லாத குழாயில் வேலை வரிசை மாறாமல் நடந்தது என்றால், வரிசை புரதங்களுக்குள்ளேயேதான் இருக்கிறது.

ஒத்துழைப்பு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. டாம் நொதி இல்லாத ஈ.கோலையில் இரண்டு இழைகளிலும் அடையாளம் இருக்காது. மட்-எச்-க்கு எது புதிது என்று தெரியாது, இரண்டையும் கீறிவிடும். டி.என்.ஏ இரண்டாக முறிகிறது. இப்படிப்பட்ட கிருமிக்குப் பிழைகளைக் கூட்டும் இரசாயனம் கொடுத்தால் சாகிறது. அதே கிருமியிலிருந்து மட்-எஸ்-ஐயும் நீக்கிவிட்டுக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறது! அடையாளம் இல்லாத இடத்தில் பழுதுபார்ப்பவர்கள் இருப்பதைவிட இல்லாததே மேல் என்று ஆகிவிடுகிறது.

இரண்டு இழையும் முறிந்துபோவதுதான் எல்லாவற்றிலும் மோசமான சேதம், பார்த்து எழுத எதிர் இழை இல்லை. முறிந்த முனையை ரெக்-பி-சி-டி என்ற மூவர் கூட்டணி பிடிக்கிறது. இதில் மட்டும் மூன்று புரதங்களும் உண்மையிலேயே ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. பி-யும் டி-யும் ஆளுக்கொரு இழையில் மோட்டார்போல ஓடி, முறிந்த முனையை வேகமாகத் தின்கின்றன. வைரஸ் டி.என்.ஏ என்றால் தின்று தீர்த்துவிடும். ஆனால் ஈ.கோலையின் சொந்த டி.என்.ஏ-வில் 'கை' (Chi, கிரேக்க எழுத்தின் பெயர்) எனப்படும் எட்டு எழுத்து வரிசை ஆயிரம் இடங்களுக்குப் பக்கமாக இருக்கிறது. அதைக் கண்டதும் இயந்திரத்தின் போக்கே மாறுகிறது. ஓர் இழையை வெட்டாமல் நீளமாக விட்டுவைத்து, அதன் மேல் ரெக்-ஏ-வைத் தன் கையாலேயே ஏற்றிவிடுகிறது. இது ஏன் தேவை என்றால், திறந்துகிடக்கும் ஒற்றை இழையை எஸ்.எஸ்.பி என்ற காப்புப் புரதம் உடனே மூடிவிடும், ரெக்-ஏ தானாக நுழைவது கடினம். ரெக்-ஏ மூன்று காரத்துக்கு ஒன்றாக வரிசைகட்டி ஒரு நீண்ட இழைவடிவம் ஆகிறது. கிருமியிடம் இருக்கும் மற்றொரு பிரதியில் இதே வரிசை எங்கே என்று தேடி, கண்டதும் அங்கே நுழைந்து, அதைப் பார்த்து எழுதவைக்கிறது. பின்னிக்கொண்ட நான்கு இழைகளைப் பிரிப்பது ரூவ்-ஏ, ரூவ்-பி, ரூவ்-சி.

இந்த ரெக்-ஏ இழைவடிவத்துக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. கிருமி முழுவதற்கும் அபாய மணி அடிப்பது இதுதான். இதைத்தான் எஸ்.ஓ.எஸ் மறுவினை என்று மிரோஸ்லாவ் ராட்மன் 1970-களில் பெயரிட்டார். சாதாரண நாளில் லெக்ஸ்-ஏ என்ற புரதம் 40-க்கும் மேற்பட்ட மரபணுக்களை அடைத்து வைத்திருக்கும். ரெக்-ஏ இழைவடிவத்தில் வந்து மோதினால் லெக்ஸ்-ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அடைப்பு திறக்கிறது. அமைதியான நாளில் ஒரு செல்லில் சுமார் 25 மூலக்கூறாக இருக்கும் யுவிஆர்-ஏ பத்து மடங்கு ஆகிறது.

திறப்பதிலும் வரிசை இருக்கிறது. லெக்ஸ்-ஏ எல்லா மரபணுக்களையும் ஒரே இறுக்கத்தில் பிடிப்பதில்லை. தளர்வாகப் பிடித்திருக்கும் யுவிஆர் மரபணுக்கள் சில நிமிடத்திலேயே திறந்துவிடும். இறுக்கமாகப் பிடித்திருப்பவை கடைசியில்தான் திறக்கும். அந்தக் கடைசிக் கூட்டத்தில் ஒன்று சூல்-ஏ, செல் பிரிவதை நிறுத்திவைக்கும் புரதம். 1944-ல் மரபியலாளர் ஈவ்லின் விட்கின் ஈ.கோலைக்கு நிறைய புற ஊதா ஒளி கொடுத்தபோது நான்கே நான்கு காலனிகள் பிழைத்தன. மற்றவை பிரிய முடியாமல் நீண்டு நீண்டு இழையாகிச் செத்தன. பிழைத்தவை சூல்-ஏ கெட்டுப்போன கிருமிகள் என்பது பல ஆண்டு கழித்துத் தெரிந்தது.

கடைசிக் கூட்டத்தில் இன்னொன்று பாலிமரேஸ்-5. எதுவும் முடியாதபோது, சேதத்தின் மேலேயே ஏதோ ஒரு காரத்தைப் போட்டுக் கடந்துபோகும் நொதி. பிழை நிறைய விடும். அதனால்தான் முக்கால் மணி நேரம்போலக் கழித்தே அது வேலைக்கு வருகிறது. துல்லியமான குழுக்களுக்கு முதலில் அவகாசம் கொடுத்து, முடியாவிட்டால் மட்டுமே இது. காயங்கள் ஆறி ஒற்றை இழை இல்லாமல் போனால் ரெக்-ஏ கலைந்துவிடும், லெக்ஸ்-ஏ மறுபடி சேர்ந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை, தம்பி. நம் வீடுகளில் போன காய்ச்சலுக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையின் மிச்சம் அலமாரியில் இருக்கும். அடுத்த வீட்டு அக்காவுக்கு வயிற்றுவலி என்றால் அதிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுப்பார்கள். சிப்ரோஃப்ளோக்ஸாசின் போன்ற மருந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ-வை முறித்துத்தான் கொல்கிறது. கொல்லப் போதாத அளவில் கொடுத்தால் கிருமி சாகாது, ஆனால் மணி அடித்துவிடும். பிழைவிடும் பாலிமரேஸ்கள் இறங்கும். அந்தப் பிழைகளில் ஒன்று மருந்துக்கு அடங்காத கிருமியை உண்டாக்கிவிடலாம். லெக்ஸ்-ஏ வெட்டுப்படாதபடி மாற்றிய ஈ.கோலையை எலிகளில் வைத்து 2005-ல் சோதித்தபோது, இந்த மருந்துக்கு எதிர்ப்பு உருவாகவில்லை. மிச்ச மாத்திரையை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்.

விடைத்தாளுக்கு ஒரு குறிப்பு. மட்-எச்-சும் டாம் அடையாளமும் ஈ.கோலைக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் மட்டுமே உரியவை. பெரும்பாலான பாக்டீரியாக்களில் மட்-எல் தானே கீறும். காசநோய்க் கிருமியில் மட்-எஸ், மட்-எல் இரண்டுமே இல்லை. அதன் குடும்பத்தில் இந்த வேலையை நக்-எஸ் என்ற, தோற்றத்தில் எந்த உறவும் இல்லாத புரதம் செய்கிறது என்று 2017-ல்தான் தெரியவந்தது. ஆகவே மட்-எச் பற்றி எழுதும்போது "பாக்டீரியாவில்" என்று எழுதாதே, "ஈ.கோலையில்" என்று எழுது.